நான் வாங்காத விடைத்தாள்

"15.7.2021, வியாழன். மதியம் 3.10. வணிகவியல் மூன்றாமாண்டு மாணவி ஒருவர் விடைத்தாளுடன் நேரில் வந்தார். பதிவேற்றும் நேரம் 2.00 மணியோடு முடிந்துவிட்டது. வாங்கவில்லை. 3.25க்குத் திரும்பிச் சென்றார்."

என் குறிப்பேட்டில் என் கையால் எழுதியது இது. செங்கல்பட்டுக்கு வெளியே ஒரு தனியார் கலைக் கல்லூரியின் தேர்வுப் பிரிவில் இருபத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். எதையும் தேதியோடும் மணியோடும் எழுதி வைப்பது என் பழக்கம். கொளவாய் ஏரி எந்த ஆண்டு எந்த நாளில் நிரம்பி வழிந்தது, கல்லூரி மணி எப்போது விரிசல் விட்டது, எந்தத் தேர்வன்று காலை ரயில் தாமதமானது, எல்லாம் என்னிடம் உண்டு. யாரும் கேட்டதில்லை. தேதி இல்லாத நினைவை நான் நம்புவதில்லை, அவ்வளவுதான்.

மேலே உள்ள வாக்கியங்களில் பிழை எதுவும் இல்லை. அதனால்தான் அவற்றைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

அந்த ஆண்டு பல்கலைக்கழகம் கடைசிப் பருவத் தேர்வை இணையவழியில் நடத்தியது. வினாத்தாள் காலை பத்து மணிக்கு மாணவர்களின் செல்பேசிக்கு வரும். அவரவர் வீட்டிலேயே தாளில் எழுத வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பதிவெண், தேதி, கையொப்பம். ஒரு மணிக்கு எழுதி முடித்து, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, ஒரே கோப்பாக்கி, இரண்டு மணிக்குள் இணையத்தில் ஏற்றிவிட வேண்டும். தேர்வுப் பிரிவில் உட்கார்ந்து யாருடைய கோப்பு எத்தனை மணிக்கு வந்தது என்று பார்த்துக் குறிப்பது என் வேலை. அந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க மாட்டார்.

அன்று மாணவர்கள் யாரும் வரக்கூடாத வளாகம். வகுப்பறைகளில் பெஞ்சுகளைக் கவிழ்த்து அடுக்கியிருந்தார்கள். அலுவலகத்தில் நானும், கடைநிலை ஊழியராக இருந்த ஓர் அம்மாவும் மட்டும். அவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். யாருக்கும் பயப்படாதவர்.

மூன்று பத்துக்கு அந்தப் பெண் வாசலில் வந்து நின்றாள். முகக்கவசம் வியர்வையில் முகத்தோடு ஒட்டியிருந்தது. கையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் உறை. விடுதிகளில் சலவை செய்த துணியைப் போட்டுக் கொடுப்பார்களே, அந்த மாதிரி. அதற்குள் தாள்கள் மடங்காமல் நேராக இருந்தன.

"சார், அப்லோட் ஆவல சார்."

"ரெண்டு மணிக்கே முடிஞ்சிதேம்மா."

"ஒண்ணு அஞ்சிலேருந்து ஏத்திகினே இருந்தேன் சார். சுத்திகினே கீது, போய்ச் சேரல. மெயிலும் போவல. அதான் நேரா எடுத்துகினு வந்துட்டேன்."

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கம் போகிற சாலையை ஒட்டிய ஓர் ஊர் அவளுடையது. வீட்டில் சிக்னல் கிடைக்காது. அவளுடைய அம்மா கடற்கரை விடுதி ஒன்றில் சலவைப் பிரிவில் வேலை பார்த்தார். ஊரடங்கில் விடுதி காலியாகக் கிடந்ததால், இஸ்திரி போடும் அறையில் உட்கார்ந்து அங்கிருந்த வைஃபையில் முதல் மூன்று தேர்வுகளையும் எழுதி ஏற்றிவிட்டாள். அந்த வாரம் கட்டுப்பாடுகள் தளர்ந்து விருந்தாளிகள் வரத் தொடங்கியிருந்தார்கள்.

"ரூம்புல இருக்கறவங்கோ எல்லாரும் படம் பாக்கறாங்கோ சார். நெட்டு அவங்களுக்கே பத்தல."

நான் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்த சுற்றறிக்கையைக் காட்டினேன். பதிவேற்றம் 2.00 மணி வரை மட்டும். தாமதமாக வருபவை ஏற்கப்படமாட்டா. மட்டும் என்ற சொல்லுக்கு அடியில் நானே கோடு போட்டிருந்தேன்.

"நான் ஏத்தலியே சார். கைல தான தரேன். காலேஜு நம்மளுது தான?"

அலுவலகத்து அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார்.

"வாங்கி வெச்சிடு சார். பேப்பரு இன்னா கடிக்கவா போவுது?"

"வாங்கினா நான் பதில் சொல்லணும்மா. ரூல் இல்ல."

"ஆமா, ரூலு. இருபத்தாறு வருசமா அத கட்டிகினு தான குந்தினுகீற. ஒரு கவுறு போட்டுக் கட்டி அந்த பீரோல போட்டா, வேணும்னா எடுக்கறாங்கோ, வேணான்னா வுடறாங்கோ."

நான் வாங்கவில்லை. அந்தப் பெண் அழவில்லை. உறையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். "சிறுசேரில ஒரு கம்பெனில வேல கெடச்சிகீது சார். ஆகஸ்ட் முடியறதுக்குள்ள எல்லா பேப்பரும் பாஸுன்னு காட்டணும். அரியர் இருந்தா எடுக்க மாட்டாங்கோ" என்றாள். கேட்டுக்கொண்டேன். "அடுத்த பருவத்துல எழுதிக்கலாம்மா" என்று சொன்னதாக நினைவு. அதை அன்று குறித்து வைக்கவில்லை. மூன்று இருபத்தைந்துக்குப் போனாள்.

இணையத்துக்கு முன்பு தேர்வு அறையில் ஒரு வழக்கம் இருந்தது. எந்த விதிப் புத்தகத்திலும் இல்லாதது. கடைசி மணி அடித்ததும் கண்காணிப்பாளர் முதல் வரிசையிலிருந்து தாள் வாங்கத் தொடங்குவார். பின்னால் யாராவது குனிந்து எழுதிக்கொண்டிருந்தால், "அந்த வரிய முடிச்சிட்டுக் குடு" என்பார். இருபத்தொன்பது ஆண்டுகளில் அப்படிச் சொல்லாத கண்காணிப்பாளரை நான் பார்த்ததில்லை. கண்டிப்புக்குப் பேர்போன பேராசிரியர்கள்கூட ஜன்னல் பக்கம் திரும்பி நின்று அந்த ஒரு வரிக்கு இடம் கொடுப்பார்கள். அறையில் ஆள் இருந்ததால் அது நடந்தது. கணினித் திரையில் எண்கள் மாறி இரண்டு மணி ஆனதும் பொத்தான் சாம்பல் நிறமாகிவிடும். ஆனால் அன்று மூன்று பத்துக்கு அவளுக்கு எதிரில் இருந்தது திரை இல்லை. நான் இருந்தேன்.

பதினொரு நாள் கழித்து, ஜூலை 26, திங்கட்கிழமை, கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். சுற்றறிக்கைகளை முழுதாக அச்செடுத்துத் தைத்து வைப்பது என் வழக்கம். ஊரடங்கில் அது விட்டுப்போயிருந்தது. அச்சுப்பொறிக்கு டோனர் கிடைக்காத காலம். எது வந்தாலும் கால அட்டவணை உள்ள முதல் பக்கத்தை மட்டும் எடுத்தால் போதும் என்று நானே அலுவலகத்தில் சொல்லியிருந்தேன். தேர்வுகள் தொடங்கும் முன்பு பல்கலைக்கழகம் அனுப்பிய திருத்திய சுற்றறிக்கையும் அப்படி முதல் பக்கமாகவே என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் போயிருந்தது. அன்று திரையில் கோப்பைத் திறந்தபோது கீழே இரண்டாம் பக்கம் இருந்தது.

இணைய வசதிக் குறைவால் பதிவேற்ற இயலாத மாணவர்கள் அதே நாள் மாலை ஐந்து மணிக்குள் தம் கல்லூரித் தேர்வுப் பிரிவில் விடைத்தாளை நேரில் ஒப்படைக்கலாம். பெற்றுக்கொண்டதற்கு நேரம் குறித்து ஒப்புதல் சீட்டு வழங்க வேண்டும்.

எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை. வெளியே அந்த அம்மா வராந்தாவைக் கழுவிக்கொண்டிருந்தார். கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். முதல்வரிடம் போயிருக்கலாம். அன்று மாலையே பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். ஏனென்றால் அந்தப் பெண் உரிய நாளில், உரிய நேரத்துக்குள் வந்தாள் என்பதற்கு உலகத்தில் ஒரே சான்றுதான் இருந்தது. அது என் குறிப்பேடு. அதை வெளியில் எடுத்தால், வாங்க வேண்டியதை வாங்காமல் திருப்பி அனுப்பியவன் நான் என்பதும் கூடவே வரும்.

அப்போது நிர்வாகம் தேர்வுப் பிரிவை ஆராய்ந்துகொண்டிருந்தது. எல்லாம் இணையத்துக்குப் போன பிறகு விடைத்தாள் கட்டு கட்டுவதற்கும் முத்திரை வைப்பதற்கும் நான்கு பேர் எதற்கு என்ற கேள்வி. இரண்டு பேர் போதும் என்ற பேச்சு. எனக்கு ஓய்வுபெற மூன்று ஆண்டு இருந்தது. நான் பயந்தேன். இதற்கு இன்னும் நல்ல சொல்லாகத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 9, திங்கள், முடிவுகள் வந்தன. அவளுடைய பதிவெண்ணுக்கு நேரே ஐந்து தாள்களில் தேர்ச்சி. ஒரு தாளில் "வரவில்லை".

முடிவு வந்த பத்து நாளுக்குள் குறைதீர்ப்பு மனு கொடுக்க வேண்டும். இது எனக்குத் தெரியாததல்ல. எத்தனையோ மாணவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். ஆகஸ்ட் 19 வரை தினமும் எண்ணிக்கொண்டிருந்தேன். 19ஆம் தேதி மாலை வீட்டுக்குப் போகும்போது, பத்து நாள் என்றால் பத்து வேலை நாள்தானே, இன்னும் நேரம் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுற்றறிக்கையில் வேலை நாள் என்று எங்கும் இல்லை.

21ஆம் தேதி, சனிக்கிழமை, திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் போய் அவள் ஊரில் இறங்கினேன். சவுக்குத் தோப்பைத் தாண்டி வீடு. ஒற்றை அறை, முன்னால் ஆஸ்பெஸ்டாஸ் இறக்கிய சமையல் இடம். அவளுடைய அப்பா நாவலூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவல் வேலை. வாரத்துக்கு ஒருநாள்தான் வருவார். அம்மா இருந்தார். நான் யார் என்று சொன்னதும் பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"நீதானா அந்த மணி பாக்கற சாரு?"

ஆமாம் என்றேன்.

"பஸ்ல மடில வெச்சிகினு வந்தா சார். கைக்கொயந்தைய வெச்சிகினு வர மாரி. காத்துல கசங்கிடும்னு ஜன்னலாண்டகூட குந்தல. அத வாங்கி வெக்க உனுக்கு கை வர்லியா?"

"தப்பு என்னோடதும்மா. அத சரி பண்ணத்தான் வந்திருக்கேன்."

"ஒரு மாசம் கயிச்சியா? சர்தான்."

அந்தப் பெண் பின்பக்கமிருந்து வந்தாள். என்னைப் பார்த்ததும் "வாங்க சார், குந்துங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அந்த மரியாதை, அவள் அம்மா திட்டியதைவிடப் பொறுக்க முடியாததாக இருந்தது. இரண்டாம் பக்கத்தை அவளிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். படித்து முடித்தும் நிமிரவில்லை.

"அஞ்சு மணி வரிக்கும் டைம் இருந்துச்சா சார்?"

"இருந்துச்சும்மா."

"நான் பஸ்ஸு லேட்டுன்னு ட்ரைவரண்ட சண்ட போட்டேன் சார்" என்றாள். உள்ளே போய் அதே பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து கொடுத்தாள். முப்பத்தொரு பக்கம். எல்லாப் பக்கத்திலும் பதிவெண், 15.7.2021, கையொப்பம்.

திங்கட்கிழமை, 23ஆம் தேதி, விடைத்தாளோடும் என் குறிப்பேட்டின் நகலோடும் கடிதத்தோடும் பல்கலைக்கழகத்தில் வரிசையில் நின்றேன். கடிதத்தில் எதையும் மறைக்கவில்லை. அங்கிருந்த பிரிவு அதிகாரி என் வயதுக்காரர். பொறுமையாகப் படித்தார். குறிப்பேட்டு நகலைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி படித்தார்.

"இந்தப் பொண்ணு மேல தப்பே இல்லியே சார்."

"இல்லீங்க."

"அப்புறம் இவ்ளோ நாள் என்ன பண்ணீங்க? பத்தொம்பதாம் தேதியோட மனு போர்ட்டல் மூடிட்டாங்க. முன்னெல்லாம் நான் ஒரு குறிப்பு எழுதி மேல அனுப்புவேன். இப்ப போர்ட்டல்ல இல்லாதது எங்களுக்கு இல்லவே இல்ல. நாலு நாள் சார். வெறும் நாலு நாள்."

விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்தார். நான் செங்கல்பட்டில் இறங்கி அவளுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவள் ஒன்று கேட்டாள்.

"சார், மார்க்கு போடாங்காட்டி பரவால்ல. யார்னா படிச்சிப் பாத்து சொல்லுவாங்களா? பாஸ் ஆயிருப்பனான்னு மட்டும்."

அந்தப் பாடத்தை நடத்திய பேராசிரியரிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு வருடமாக வீட்டிலிருந்து கணினியில் பாடம் நடத்தியவர். பதிவெண்ணைப் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணு முகமே எனக்குத் தெரியாது. வீடியோ ஆன் பண்ணவே மாட்டா. டேட்டா போயிடும்னு சொல்லுவா" என்றார். சிவப்புப் பேனாவை எடுத்து, உண்மையான தேர்வுத்தாளைத் திருத்துவது போலவே ஒவ்வொரு பக்கமாகத் திருத்தினார். யாருக்கும் போய்ச் சேராத மதிப்பெண்ணுக்காக ஒன்றே முக்கால் மணி நேரம் செலவிட்டார். கடைசியில் எழுபத்தைந்துக்கு ஐம்பத்தெட்டு என்று முதல் பக்கத்தில் எழுதி வட்டம் போட்டார். ஒரு கணக்கில் கூட்டல் பிழைக்காக அரை மதிப்பெண் குறைத்ததைக் காட்டினார். அந்த அரை மதிப்பெண்ணை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. அவ்வளவு நேர்மையாக நடத்தப்பட வேண்டிய தாள் அது.

தொலைபேசியில் சொன்னேன்.

"அம்பத்தெட்டா சார்?"

"அம்பத்தெட்டும்மா. நல்ல மார்க்."

"தேங்க்ஸ் சார்" என்று வைத்துவிட்டாள். அதன் பிறகு அந்த எண் என் அழைப்பை எடுக்கவில்லை. சிறுசேரி வேலை கைநழுவியதை எங்கள் அலுவலகத்து அம்மாதான் பிறகு சொன்னார். அவருடைய தங்கையும் அதே விடுதியில் வேலை பார்த்தவர். அந்தப் பெண் அதே சலவைப் பிரிவில் தன் அம்மாவோடு சேர்ந்துவிட்டாள் என்றும் சொன்னார். அடுத்த பருவத்தில் அந்த ஒரு தாளுக்கு அவள் விண்ணப்பிக்கவில்லை. அதற்கடுத்த பருவத்திலும் இல்லை. ஒவ்வொரு முறையும் விண்ணப்பப் பட்டியல் வந்தவுடன் முதலில் அதைத்தான் தேடினேன்.

எனக்குத் தண்டனை எதுவும் வரவில்லை. முதல்வர் என் கடிதத்தைப் படித்துவிட்டு, "இனிமே ரெண்டு பக்கமும் பிரிண்ட் எடுங்க" என்றார். நான்கு பேர் இரண்டானபோது நான் அந்த இருவரில் ஒருவனாக இருந்தேன்.

மாமல்லபுரத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். யார் நிலம் கொடுத்தார், யார் விளக்குக்கு நெய் கொடுத்தார் என்றெல்லாம் வெட்டி வைத்திருக்கிறார்கள். யார் எதைக் கேட்டு வந்து வெறுங்கையோடு போனார் என்று ஒருவரும் வெட்டி வைக்கவில்லை. அந்த வகையில் என் குறிப்பு அரிதானதுதான்.

நான் 2024 மே மாதம் ஓய்வுபெற்றேன். அதற்கு முன்பே தேர்வுக் கூடத்தில் பெஞ்சுகளை எடுத்துவிட்டுக் கணினிகளையும் தடுப்புகளையும் போட்டுவிட்டார்கள். தலைக்கு மேலே கேமரா. பழைய பாடத்திட்டத்தில் தாள் பாக்கி உள்ளவர்கள் எந்த ஊரிலும் அப்படி ஒரு மையத்தில் உட்கார்ந்து எழுதலாம், கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை என்று மாற்றினார்கள். முடிவும் கல்லூரிக்கு வருவதில்லை. முன்பு பலகையில் ஒட்டுவோம், ஒரு கூட்டமே ஒருவர் தோள்மேல் ஒருவர் சாய்ந்து படிக்கும். யார் தேறினார், யார் தவறினார் என்று எல்லாருக்கும் தெரியும். அவமானம் உண்டு. யாராவது தோளில் கை போடுவதும் உண்டு. இப்போது அவரவர் செல்பேசிக்கு ஒரு கடவுஎண் வரும், அதைப் போட்டு அவரவர் முடிவை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும். வேறு யாரும் பார்க்க முடியாது. நல்ல ஏற்பாடு என்றுதான் நானும் சொல்வேன்.

போன மாதம் செங்கல்பட்டு பேருந்து நிலையத்தில் எங்கள் அலுவலகத்து அம்மாவைப் பார்த்தேன். அவரும் ஓய்வுபெற்றுவிட்டார். நான் கேட்காமலே சொன்னார்.

"நாவலூராண்ட அந்தப் பொண்ண பாத்தேன் சார். கயித்துல கார்டு மாட்டிகினு கம்பெனி பஸ்ஸுக்கு நின்னுகினு இருந்துச்சு."

"டிகிரி முடிச்சிட்டாளாமா?"

"அதெல்லாம் நான் இன்னாத்துக்கு கேக்கறேன்? நல்லாகீறியான்னு கேட்டேன், தலைய ஆட்டிச்சு. பஸ்ஸு வந்துடுச்சு." பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ இன்னும் அதையே நெனச்சிகினு கீறியா?"

துப்புரவுப் பணியாளர்களுக்கும் காவலாளிகளுக்கும்கூட அங்கே கழுத்தில் அட்டை உண்டு, நிறம்தான் வேறு. எந்த நிறத்து அட்டை என்று கேட்டேன். கவனிக்கவில்லை என்றார்.

அவள் அந்த ஒரு தாளை ஏதாவது மையத்தில் எழுதித் தேறினாளா, பட்டம் வாங்கினாளா என்பது எனக்குத் தெரியாது. அவளைத் தவிர வேறு யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. அவளிடம் கேட்கும் உரிமை எனக்கு இல்லை. தேறியிருப்பாள் என்றே நினைக்க விரும்புகிறேன். ஆனால் இது உறுதி செய்யப்படாத தகவல்.